மூன்றாவது கிண்ணத்துக்கு முன்

காப்பிக்கொட்டை வறுபடும் முன்பே மஹாசின் விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

"நாளைக்கு விடிகாலை அஸ்வான் ரயில்ல நாற்பத்திரண்டு பேர் வர்றாங்கக்கா. பாதிக்கு மேல சின்னப் பிள்ளைங்க. உங்க கூடத்தை நாலு ராத்திரிக்குக் குடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

மெப்ராத் வாணலியை அசைத்துக்கொண்டே இருந்தாள். புகை எழுந்ததும் தன் ஊர் வழக்கப்படி விருந்தினர் பக்கம் நீட்டினாள். சிரியாக்காரர்களின் சமையல்கூடத்தை நடத்தும் அபூ நவ்வார் புகையைக் கையால் முகத்துக்கு அள்ளிக்கொண்டார். மஹாசின் அள்ளவில்லை.

கெய்ரோவில், அர்த் அல்லிவாவின் அந்த நெருக்கடியான சந்துகளில், மூவரும் மூன்று காலத்தில் வந்து இறங்கியவர்கள். மெப்ராத் எரித்ரியாவிலிருந்து வந்து பதினான்கு வருடம். வாடகைக் கூடம் ஒன்றில் தன் மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறாள். மஹாசின் சூடானின் நியாலாவில் மருத்துவச்சியாக இருந்தவள். இப்போது சூடான் பெண்கள் சங்கம் அவள் பொறுப்பு. சூடானில் சண்டை மூண்ட நாளிலிருந்து, அங்கிருந்து தப்பி வருகிறவர்களுக்கு வழி செய்ய, மூவரும் வியாழக்கிழமைதோறும் மெப்ராத்தின் வீட்டில் கூடுகிறார்கள். அகதிகளுக்கான பெரிய அலுவலகங்களில் பெயர் பதியவே மாதக்கணக்கில் ஆகிறது. ரயில் அதுவரை காத்திருப்பதில்லை.

முதல் கிண்ணம் ஊர்ச் சேதிக்கு. இரண்டாவது பேச்சுக்கு. மூன்றாவது ஆசிக் கிண்ணம். அதைக் குடித்த பிறகுதான் எந்தக் கேள்விக்கும் பதில். மெப்ராத்தின் தாய்வீட்டில் கல்யாணமும் நிலத்தகராறும் அப்படித்தான் முடிவாகின. இங்கேயும் அவள் அதை மாற்றவில்லை.

முதல் கிண்ணம் முடிந்தது. மெப்ராத் வெயிலைப் பற்றிப் பேசினாள். இரண்டாவதை ஊற்றினாள். பிறகு பேசவே இல்லை. காப்பிக் கூஜாவின் வாயில் வடிகட்டச் செருகிய நாரைச் சரிசெய்தாள். தெருவில் காஸ் உருளைக்காரன் இரும்பைத் தட்டிக்கொண்டு போனான். அந்தச் சத்தம் தேய்ந்து மறைந்தது.

மஹாசின் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இன்னொண்ணு இருக்கே, உக்காரும்மா," என்றாள் மெப்ராத்.

"தெரியும்க்கா. மூணாவதைக் குடிச்சா மனசுல ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். எனக்கு மனசுல நாற்பத்திரண்டு பேர் இருக்காங்க." தோளிலிருந்து சரிந்த துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

அபூ நவ்வார் தன் கிண்ணத்துக்குள் பார்த்தபடி இருந்தார். பிறகு சொன்னார்: "நீங்க யோசிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியுது. அவளுக்கு எப்படித் தெரியும்? எங்க ஊர் ஹோம்ஸ்ல யோசிக்கிறவன் கத்திக்கிட்டேதான் யோசிப்பான். பக்கத்து வீட்டுக்காரனும் சேர்ந்து யோசிப்பான்."

"அதனாலதான் உங்க சமையல்கூடத்துல தினம் ஒரு சண்டை."

"சண்டை நடந்தாலும் சோறு நேரத்துக்கு வெந்துடுதே அக்கா."

மெப்ராத் சிரித்தாள். மூன்றாவது கிண்ணத்தை இருவரும் குடித்தார்கள். வெறும் வெந்நீர்போல இருந்தது. அவர் போன பிறகு அவள் அடுப்பின் முன் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

யோசித்தேனா? தன்னையே கேட்டுக்கொண்டாள். இல்லை. மஹாசின் கேட்ட அந்த நொடியிலேயே உள்ளுக்குள் மாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் காப்பி ஊற்றியது மட்டும்தான். பயத்தை மரியாதையால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மௌனத்தை எப்போதும் தன்னுடைய நல்ல குணங்களில் ஒன்றாக நினைத்து வந்தவளுக்கு, அதை இப்படித் திருப்பிப் பார்ப்பது கஷ்டமாக இருந்தது.

முந்தைய கூடம் வேறொரு சந்தில் இருந்தது. மூன்று வருடங்களுக்கு முன் அங்கே ஐந்து பேரை ஒரு வாரம் தங்கவைத்தாள். வீட்டுக்காரர் பூட்டைப் போட்டார். எட்டு மாதம் பள்ளி இல்லை. அறுபது பிள்ளைகளில் முப்பத்தொரு பேர்தான் திரும்பி வந்தார்கள். இப்போதைய வீட்டுக்காரர் ஹாஜி சாவியைத் தரும்போதே சொல்லியிருந்தார்: அங்கே ஒருவர் படுத்தாலும் சாவி தன் கைக்கு வந்துவிட வேண்டும்.

வெயில் தாழும் முன் மெப்ராத் மஹாசினின் சங்கத்துக்குப் போனாள். ஒரே அறை. மஹாசின் தரையில் அமர்ந்து, ஒரு காதில் தொலைபேசியோடு, தாளில் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தாள்.

"மஹாசின், நான் யோசிக்கல. பயந்துட்டேன்," என்றாள் மெப்ராத், நின்றபடியே. பூட்டியதை, எட்டு மாதத்தை, ஹாஜியின் நிபந்தனையை எல்லாம் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி மஹாசின் கேட்டதில்லை.

மஹாசின் தொலைபேசியைத் தரையில் வைத்தாள். "இதை முதல் கிண்ணத்துலயே சொல்லியிருந்தா என்னக்கா? நான் வேற மாதிரி கேட்டிருப்பேனே. ரெண்டு தெரு நடந்து, கோபப்பட்டு, செருப்பு வாரை வேற அறுத்துக்கிட்டேன்."

"எங்க வீட்டுல அப்படிச் சொல்றதில்ல."

"எங்க வீட்டுல சொல்லாம இருக்கிறதில்ல." மஹாசின் நகர்ந்து பாயில் இடம் விட்டாள். "உக்காருங்க. காப்பி கிடையாது. டீதான், சர்க்கரை நிறைய."

தாளை நடுவில் வைத்தார்கள். படுக்கைதான் சிக்கல், பகல் இல்லை. நாளை வெள்ளி, பள்ளி விடுமுறை. ரயிலில் வருகிறவர்கள் கூடத்தில் முகம் கழுவி, சாப்பிட்டு, பெயர் எழுதி, இருட்டுவதற்குள் வீடுகளுக்குப் பிரிந்துவிடலாம். சூடான் வீடுகளில் இருபத்தாறு பேருக்கு இடம் இருந்தது. மெப்ராத் தன் தொலைபேசியை எடுத்தாள். தன் பள்ளித் தாய்மார்களை ஒவ்வொருவராக அழைத்தாள். மூன்று கிண்ணம் இல்லாமல், நேராகக் கேட்டாள். "உன் வீட்டுல ரெண்டு பேரை வெச்சுக்க முடியுமா? முடியலன்னா இப்பவே சொல்லிடு." ஒருத்தி முடியாது என்றாள். அதைக் கேட்டு மெப்ராத்துக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. மீதிப் பதினாறு பேருக்கும் இடம் கிடைத்தபோது மஹாசினின் டீ ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர்கள் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள். சத்தமே இல்லை. பிள்ளைகள்கூட அழவில்லை. பெண்கள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரோரமாக உட்கார்ந்தார்கள். மஹாசின் பெயர் கேட்டுக்கொண்டு வந்தாள். நான்காவது பெண் பெயரைச் சொல்லி முடித்ததும், கைக்குழந்தையோடு சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

மெப்ராத் எழுப்பத்தான் போனாள். பக்கத்தில் குனிந்தாள். அந்தப் பெண்ணின் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. எத்தனை நாள் உட்கார்ந்தே வந்தாளோ. தோளைத் தொட நீட்டிய கை அங்கேயே நின்றது. நிமிர்ந்து பார்த்தபோது அந்த வரிசை முழுக்கச் சரிந்திருந்தது. ஒருவர் மடியில் ஒருவர். எட்டு மணிக்கு நாற்பத்திரண்டு பேரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பேனாவைப் பிடித்தபடி மஹாசினும்.

மெப்ராத் திரைச்சீலையை இழுத்துவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தாள்.

பத்து மணிக்குக் கட்டிடக் காவலாளி ஷாஃபி படியேறி வந்தான். கதவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"உள்ள தூங்குறாங்களாம்மா?"

"ஆமா," என்றாள் மெப்ராத் உடனே. "எல்லாரும் தூங்குறாங்க. சாயங்காலம் போயிடுவாங்க. போகலன்னா நீங்க ஹாஜிகிட்ட சொல்லுங்க."

ஷாஃபி தாடையைச் சொறிந்தான். "அவர் கேட்டா சொல்லித்தான் ஆகணும். என் வேலை அது." வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தான். "இவ்வளவு செருப்பு வாசல்ல கிடந்தா அவர் கேக்காம எப்படி இருப்பார்? உள்ள எடுத்துப் போடுங்க. தொழுகைக்கு மேல் மாடியிலிருந்து இந்த வழியாத்தான் இறங்குவார்."

அவன் இறங்கிப் போனான். மெப்ராத் செருப்புகளை இரண்டிரண்டாக எடுத்து உள்ளே அடுக்கத் தொடங்கினாள். கீழே படியில் அபூ நவ்வாரின் குரல் கேட்டது. பருப்புக் கஞ்சி அண்டாவோடு யாரையோ திட்டிக்கொண்டே ஏறி வந்தார். அவள் உதட்டில் விரல் வைத்தாள். அவர் எட்டிப் பார்த்து, அண்டாவைச் சத்தமில்லாமல் இறக்கி, மூடியின்மேல் துணியைச் சுற்றினார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, தன் பக்கத்துச் செருப்புகளைப் பொறுக்கினார்.