மூட்டுக்குப் பேர் ஆர்த்ரோன்

இந்தத் தடவையும் ஊர் வைத்தியர் வேலை கிடைக்காவிட்டால் பர்மிஸ், கிரேக்க நாட்டுக் கோஸ் தீவை விட்டே கிளம்ப வேண்டியதுதான். மனைவி சட்டி பானைகளைக்கூடக் கட்டி வைத்துவிட்டாள். மனிதர் கைராசிக்காரர்; வாய்தான் எதிரி. ஊர்ச்சபையில் பேசி மயக்குகிறவனுக்குத்தானே வேலை?

பேச்சை எழுதிக் கொடுத்தவன் மனைவியின் தம்பி தியூடாஸ், இலக்கண வாத்தியார். கிரேக்க மொழியில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒரு குட்டிச்சொல் நிற்கும், ஆண்பாலுக்கு ‘ஹோ’. நல்லவேளை, தமிழுக்கு அந்தத் தொல்லை இல்லை. பர்மிஸ் சரியாக அங்கேதான் திக்குவார்.

“உங்களுக்கு மூட்டுலதான் பிடிப்பு அத்தான்,” என்றான் தியூடாஸ். “அந்தக் குட்டிச்சொல்லுக்கு எங்காளுங்க ஆர்த்ரோன்னுதான் பேர் வச்சிருக்காங்க. உங்க வைத்தியத்துல இருந்து கடன் வாங்கினது. தோள்மூட்டு, முழங்கால்மூட்டு மாதிரி, ரெண்டைச் சேக்குற இடம்.”

“பே... பேரை வாங்கினீங்கள்ல. என் திக்குவாயையும் வாங்கிக்க வேண்டியதுதான.”

சபையில், அதே வேலைக்குப் போட்டியாக வந்த எதிர்க்கரை வைத்தியர் தேனொழுகப் பேசி இறங்கினார். அடுத்து பர்மிஸ் ஏறினார்.

“ஹோ... ஹோ... ஹோ...”

“மாடு ஓட்டுறாரு டோய்,” என்றான் மதில்மேல் உட்கார்ந்திருந்த மீன்காரன் மிக்கியோன். சபையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்த மிக்கியோன் மல்லாக்கக் கீழே விழுந்தான். தோள்மூட்டு கழன்று கை தொங்கியது.

எதிர்க்கரையார் தோளின் இயல்பைப் பற்றி அழகாக ஆரம்பித்தார். அவர் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் பர்மிஸ் மண்ணில் உட்கார்ந்து, மிக்கியோனின் அக்குளில் குதிகாலைக் கொடுத்து, மணிக்கட்டைப் பிடித்து நிதானமாக இழுத்தார். சபை இருந்த நினைவே அவருக்கு இல்லை. கொளக்கென்ற சத்தம் கடைசி வரிசைவரை கேட்டது. மிக்கியோன் அழுகையை மறந்து விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான்.

சபைத் தலைவர் தொண்டையைச் செருமினார். “எதிர்க்கரையார் வேணும்கிறவங்க கை தூக்குங்க.”

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள், அவையும் அரைகுறையாக.

“நம்ம பர்மிஸ்?”

முதலில் எழுந்தது மிக்கியோனின் கை, இப்போதுதான் பொருத்திய அதே கை. பர்மிஸ் பாய்ந்து அதைப் பிடித்து இறக்கினார்.

“அ... அறிவிருக்காய்யா உனக்கு? ஒரு மாசத்துக்கு அந்தக் கையத் தூக்கக் கூடாது. இ... இந்தக் கையத் தூக்கு.”

மிக்கியோன் சமர்த்தாக மற்றக் கையைத் தூக்கினான். பர்மிஸ் நிமிர்ந்து பார்த்தார். சபை முழுக்கக் கைகள். எண்ண வந்தவர் எண்ணுவதை விட்டுவிட்டுத் தன் கையையும் தூக்கினார்.