பின்னால் பார்க்கும் குதிரை

ஒரு பட்டாளத்தின் மானம் ஜோடி நாற்பது. பத்து ஜோடிக்கு மேல் எடுத்தால் முப்பத்தைந்து. அதற்குக் கீழே கட்டுப்படியாகாது என்று ஜோடியக்கா அடித்துச் சொல்லுவாள். முப்பத்திரண்டுக்கும் கொடுத்திருக்கிறாள், அது வேறு விஷயம்.

படைமுகாம் வாசலுக்கு நேர் எதிரே அவள் கடை. சட்டைக் கையில் தைக்கும் சின்னங்கள்தான் வியாபாரம். பாலம் கட்டுகிறவர்களுக்குக் கோட்டை, லாரிப் படைக்கு முன்னங்காலைத் தூக்கிய குதிரை. கோட்டையை எப்படித் திருப்பி வைத்தாலும் கோட்டைதான். குதிரை அப்படியில்லை. சிப்பாய் எந்தப் பக்கம் நடக்கிறானோ அந்தப் பக்கம்தான் அது பார்க்க வேண்டும்; பின்னால் பார்த்தால் ஓடிப்போகிறது என்று அர்த்தம். அதனால் இடது கைக்கு ஒன்று, வலது கைக்கு ஒன்று, முகம் மாற்றி நெய்து வரும். கடையில் இடதுக்கு ஒரு இழுப்பறை, வலதுக்கு ஒரு இழுப்பறை. ஒற்றைச் சின்னம் கர்னலே வந்து நின்றாலும் கிடையாது. சாயங்காலம் எண்ணும்போது இரண்டு இழுப்பறையும் சமமாக இருந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். பெயரும் அப்படி வந்ததுதான்.

அன்று காலை ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் பழைய உடுப்பைக் கவுண்டரில் வைத்தார். லாரிப் படையைக் கலைத்து வேறொரு படையோடு சேர்க்கிறார்கள். மறுநாள் கடைசி அணிவகுப்பு. பழைய ஆட்களும் நடக்கலாம். உடுப்பில் இருந்த சின்னங்களைப் பூச்சி தின்றிருந்தது.

"ஒரு ஜோடி குதிரை தச்சுக் குடும்மா. ஆனா கை மாத்தித் தைக்கணும். ரெண்டும் பின்னால பாக்கணும்."

"அண்ணே, வெயில்ல நடந்து வந்தீங்களா? உக்காருங்க, தண்ணி குடிங்க."

"புத்தி தெளிவாத்தாம்மா இருக்கு." அவர் சிரித்தார். "கல்யாணமான புதுசுல என் வீட்டுக்காரி இப்படித்தான் மாத்தித் தச்சுட்டா. மூணு நாள் தண்டனையா மூட்டையைத் தூக்கிக்கிட்டு மைதானத்தைச் சுத்தினேன். படையே என்னைப் பின்குதிரைன்னு கூப்பிட்டுச்சு. வீட்டுக்கு வந்து கத்தினேன். அவ சொன்னா பாரு: 'முன்னால பாத்தா போற வழி தெரியும். திரும்பி வர்ற வழியை யாரு பாக்குறது?'"

ஜோடியக்கா உடுப்பை இழுத்து, பூச்சி தின்ற குதிரையைத் திருப்பிப் பார்த்தாள்.

"தெரியாமத் தச்சுட்டுச் சமாளிச்சான்னு அன்னைக்கே தெரியும். நான் நம்பின மாதிரியே இருந்துட்டேன். எங்கெங்கேயோ லாரி ஓட்டியிருக்கேன், குண்டு விழற ரோட்டுலகூட. ஒவ்வொரு தடவையும் வந்து சேந்துட்டேனே! கடைசி நடைக்கு அவ குதிரைதான் வேணும்."

"வரிசையை விட்டு வெளியே தள்ளிருவாங்கண்ணே. அப்புறம் ஓரமா நின்னு கை தட்டணும்."

"அதுக்குத்தானே உங்கிட்ட வந்தேன். ஏதாவது பண்ணு." உடுப்பை விட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

மத்தியானம் ஓர் அம்மா வந்தாள். கவுண்டரில் கிடந்த உடுப்பைப் பார்த்ததும், "பிடிச்சேன் பாத்தியா! அந்த மனுஷன் இங்கதான் வந்தாரா?" என்றாள். டிரைவரின் மனைவி.

"என்ன கேட்டாருன்னு எனக்குத் தெரியும். நீ ஒழுங்கா முன்னால பாத்தே தச்சுடு தாயி. ஒரு தடவை நான் பண்ணின கூத்துக்கு முப்பது வருஷம் பட்டப்பேர் சுமந்தவரு. நாளைக்கு மேடையில பெரிய பெரிய ஆளுங்க இருப்பாங்க. சிரிச்சா எனக்குத் தாங்காது."

"திரும்பி வர்ற வழி பாக்கிற குதிரையாமே அக்கா?"

அந்த அம்மாவின் முகம் சிவந்தது. "பயத்துல வாய்க்கு வந்ததை உளறினேன். இன்னைக்கு வரைக்கும் நிஜம்னு நம்பிக்கிட்டிருக்காரு, பாவம். நீ ஒண்ணும் சொல்லிடாதே."

"நான் ஏன் சொல்றேன்?" என்றாள் ஜோடியக்கா. எத்தனையோ சரக்கு கைமாறிப் பார்த்தவள் அவள். விற்றவளும் வாங்கினவரும் விலை தெரிந்தே முப்பது வருஷம் பத்திரமாக வைத்திருந்த பொய்யை இதுவரை பார்த்ததில்லை.

ஒரு உடுப்பு, இரண்டு உத்தரவு. ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்கள் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மரியாதை வாங்குகிற மேடை, நடக்கிறவர்களுக்கு வலது பக்கம். குடும்பத்தார் நிற்கிற கயிறு இடது பக்கம். மேடையில் இருக்கிறவருக்கு வலது கை மட்டும்தான் தெரியும்.

அவள் வலது இழுப்பறையைத் திறந்தாள். ஒரு குதிரையை எடுத்தாள். கொஞ்சம் தயங்கினாள். அதே இழுப்பறையிலிருந்து இன்னொன்றையும் எடுத்தாள்.

சாயங்காலம் டிரைவர் உடுப்பை வாங்கி, வலது கையைப் பார்த்தார், முகம் சுருங்கியது. இடது கையைத் திருப்பினார். பிறகு பையைத் தடவிக் காசை எடுத்தார்.

"எவ்வளவும்மா?"

"ஜோடி நாற்பது."

"இது ஜோடியே இல்லையே."

"அதை நான் சொல்லணும்ணே. கடை என்னுது."

மறுநாள் காலை கடையைப் பூட்டிவிட்டு, கயிற்றோரம் அந்த அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். பழைய ஆட்கள் தொந்தியும் மிடுக்குமாக வந்தார்கள். "வலப்பக்கம் பார்!" என்று குரல் கேட்டதும் எல்லாத் தலையும் மேடைப் பக்கம் திரும்பியது. டிரைவரின் தலையும் திரும்பியது. மேடையில் இருந்தவர் சல்யூட் வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

இந்தப் பக்கம் அவர் இடது கை கடந்து போயிற்று. படை முழுக்கக் குதிரைகள் முன்னால் பார்த்துப் போக, ஒன்று மட்டும் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது.

அந்த அம்மா ஜோடியக்காவின் கையை நகம் பதியப் பிடித்தாள். "அடிப்பாவி, என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"மேடைக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு."

"எல்லாரும் அந்தப் பக்கம் பாக்குறாங்க," என்றாள் அவள், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "அது மட்டும் என்னைப் பாக்குது."

மதியம் ஜோடியக்கா கடையைத் திறந்து எண்ணினாள். லாரிப் படையே இல்லை. இனி அந்தக் குதிரையை யாரும் நெய்யப்போவதுமில்லை, கேட்டு வரப்போவதுமில்லை. இடது இழுப்பறையில் பதினேழு. வலது இழுப்பறையில் பதினைந்து. இன்னொரு முறை எண்ணாமலே புத்தகத்தில் எழுதினாள்: வலதில் குறைவு இரண்டு. கணக்கு நேராகவில்லை. அப்படியே இருக்கட்டும்.