கேஸ் ஷீட்டில் இல்லாத வரி

1

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. பொன்மலையிலிருந்து கோயில் டூர் பஸ் விட்ட ஒருத்தியின் கதையைச் சொல்லப்போகிறேன். அது எனக்கு எங்கே கிடைத்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்த பஸ்ஸில் ஏழாம் நம்பர் சீட் என்னுடையது. மயிலம்மாள் என்பது நான் வைத்த பெயர். எது நடந்தது, எது நான் கட்டியது என்று கேட்காதீர்கள். கோபம் மட்டும் முழுக்க நிஜம்.

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்:

"மயிலம்மாளின் கணவர் செல்லக்கண்ணு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிஃப்ட் முடிந்து, ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, சைக்கிளை—"

அந்த வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். செல்லக்கண்ணு பீடியைத் தொட்டதே இல்லை. மயிலம்மாளுக்கு நுரையீரல் புற்று என்று எழுத உட்கார்ந்ததும் என் கை தானாக ஒரு பீடியைத் தேடியிருக்கிறது! அவளைப் பார்த்த டாக்டரைத் திட்டத்தான் இந்தக் கதையை எடுத்தேன். முதல் குட்டு என் தலையிலேயே விழுந்தது.

(செல்லக்கண்ணு மன்னிக்கணும். அரை வாக்கியத்துக்கு உங்கள் கையில் பீடியைக் கொடுத்துவிட்டேன்.)

2

மயிலம்மாளுக்கு நாற்பத்தொன்பது வயது. பதினெட்டு வருஷமாக மாதம் ஒரு டூர், ஆடி பிறந்தால் வாரம் ஒன்று. காலையில் உறையூர் வெக்காளியம்மன், அப்புறம் சமயபுரம், சாயங்காலம் ஸ்ரீரங்கத்தில் தாயார் சந்நிதி. ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள்தான் பாதிக்கு மேல்.

தேதி குறித்ததும் முப்பத்திரண்டு பேரில் ஏழெட்டுப் பேருக்கு மாதவிலக்கு குறுக்கே வந்து நிற்கும். அதற்கும் மயிலம்மாளின் கைப்பையில் வழி இருந்தது: நாள் தள்ளிப்போகிற மாத்திரை. மெடிக்கல் ஷாப்பில் யாரும் டாக்டர் சீட்டைக் கேட்டதில்லை. பெண்கள் முறுக்குப் பொட்டலம் வாங்குவதுபோல வாங்கிக்கொண்டு போனார்கள். கூட்டிக்கொண்டு போகிறவள் விலக்காகி வீட்டில் உட்கார முடியுமா? அவளும் போட்டாள், அநேகமாக ஒவ்வொரு மாதமும்.*

* அது மிட்டாய் இல்லை, ஹார்மோன். உடம்பு தானே சுரக்கிற ஒன்றைப் போல ஆலையில் செய்தது. எனக்கும் அப்போது தெரியாது.

3

எட்டு மாதம் இருமினாள். சளி என்றார்கள், அலர்ஜி என்றார்கள், ஏசி பஸ் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். புகை பிடிக்காத பொம்பளைக்கு ஸ்கேன் எதற்கு என்று எட்டு மாதம் போனது. கடைசியில் எடுத்துப் பார்த்தார்கள். நுரையீரலில் கட்டி இருந்தது.

பெரிய ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். டாக்டர் பிரதீப், சின்ன வயசு. கெட்டவர் இல்லை. கெட்டவராக எழுதிப் பார்த்தேன், கதை சுளுவாகப் போனது. அதனாலேயே அடித்துவிட்டேன்.

"வீட்டுக்காரர் சிகரெட், பீடி?"

"இல்லைங்க சார்."

"மறைக்காம சொல்லுங்க."

செல்லக்கண்ணு எழுந்தே நின்றுவிட்டார். "சார், நான் டீயே ஒரு வேளைதான் சார்."

"விறகு அடுப்பு?"

"கேஸுங்க."

"சாம்பிராணி?"

"வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடாத வீடு உண்டுங்களா?"

ஏதோ கிடைத்துவிட்ட மாதிரி அதை எழுதிக்கொண்டார்.

மயிலம்மாள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். கணவர் பக்கத்திலேயே இருந்தார். இருக்கட்டும் என்று சொன்னாள்: "நாள் தள்ளிப்போக மாத்திரை போட்டிருக்கேன் சார். பதினெட்டு வருஷம். அதையும் எழுதிக்கங்க."

செல்லக்கண்ணு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார்.

"அதுக்கு இந்த ஷீட்டுல கட்டமே இல்லம்மா," என்றார் டாக்டர்.

"புகை உள்ள போச்சான்னு அவரோட சட்டைப்பை வரைக்கும் கேட்டீங்க. நான் முழுங்குனதைக் கேட்க மாட்டீங்களா?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பெண் ஹார்மோனுக்கும் நுரையீரல் கட்டிக்கும் தொடர்பு இருக்கான்னு ஆராய்ச்சி நடக்குது. நீங்க போட்டதால வந்துச்சுன்னு சொல்ல முடியாது. முடிவா ஒண்ணும் தெரியலை."

"தெரியலைன்னா எழுதிக்கத்தானே சார் வேணும்? யாருமே எழுதலைன்னா எப்படித் தெரியும்?"

"சிஸ்டர், அடுத்தவங்களை அனுப்புங்க."

4

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்துகிறேன். பொறுக்க முடியவில்லை.

மாத்திரையால்தான் வந்தது என்று எழுதினால் கதை எடுப்பாக இருக்கும். எழுத மாட்டேன். எனக்குத் தெரியாது. நான் பள்ளிக்கூடம் அதிகம் போனவள் இல்லை. படித்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டு எழுதுகிறேன். ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் கருப்பையோடு நிற்பதில்லை. அதைப் பிடித்துக்கொள்ளும் கொக்கிகள் நுரையீரலிலும் உண்டு, பல கட்டிகளிலும் உண்டு. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜனையும், நாள் தள்ளும் மாத்திரையில் இருப்பது போன்ற இன்னொரு ஹார்மோனையும் சேர்த்துக் கொடுத்த ஒரு பெரிய வெளிநாட்டு ஆய்வில், நுரையீரல் புற்றால் இறந்தவர்கள் கூடுதலாக இருந்தார்கள். வேறு ஆய்வுகள் அப்படி இல்லை என்கின்றன. ஆணின் ஹார்மோனைப் பற்றியும் இதே இழுபறிதான். சரி, இழுபறி என்றால் கூடுதலாகக் கேட்கவேண்டுமா, வாயை மூடவேண்டுமா?

எந்த வயதில் பெரியமனுஷியாகி உட்கார்ந்தாய், எப்போது நின்றது, நடுவில் என்ன விழுங்கினாய்? மூன்று கேள்வி. இதைக் கேட்க நாதியில்லை. புகை இல்லாத பெண்ணுக்கு நோய் வந்தால் புருஷனின் பாக்கெட்டைத் தட்டிப் பார்க்கிறார்கள். அவளுடைய உடம்பு அவளுக்கே சாட்சி சொல்ல வந்தால் கட்டம் இல்லையாம்!

நாள் தள்ளிப்போட்டு வா என்று எந்த அம்மன் கேட்டாள்? கேட்டது நாம்தான். ஏழாம் நம்பர் சீட்டும் சேர்த்துத்தான்.

5

முடிவுகளுக்கு வருகிறேன்.

ஒன்று: டாக்டர் பிரதீப் மனம் மாறி, தாளில் புதுக் கட்டம் ஒன்றை ஸ்கேல் வைத்துப் போடுகிறார். மூன்று பக்கம் எழுதினேன். பாயசம் மாதிரி இருந்தது. கிழித்தேன்.

இரண்டு: மயிலம்மாள் சாகிறாள். நீங்கள் அழுவீர்கள். அழுதுவிட்டு மறந்தும்விடுவீர்கள், அதனால் மாட்டேன். கட்டியைச் சோதித்ததில் மரபணு மாற்றம் ஒன்று தெரிந்தது. அதற்கு தினம் ஒரு மாத்திரை. இருமல் அடங்கியிருக்கிறது. மறுபடியும் மாத்திரைதான். இந்த முறை பெயர், பக்கவிளைவு எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டாள்.

மூன்று—

ஆடி இரண்டாம் வெள்ளி. பஸ் உறையூரில் நிற்கிறது. வெக்காளியம்மனிடம் குறையை வாயால் சொல்வதோடு விடமாட்டார்கள். தாளில் எழுதி, சூலத்தில் கட்டவேண்டும். நோய் தெரிந்த மாதமே மயிலம்மாள் எழுதிக் கட்டியிருந்தாள்: 'டாக்டர் எழுதிக்கணும் தாயே.' கட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிட்டாள்.

விஜயராணி, குவார்ட்டர்ஸுக்கு நாலு வருஷம் முன்பு வாழ்க்கைப்பட்டு வந்தவள், சீட்டுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "அக்கா, அடுத்த வெள்ளிக்கும் எனக்குச் சீட்டு போட்டுடுங்க. நாள் வியாழன் வருது. அந்த மாத்திரையும் குடுத்துடுங்க."

மயிலம்மாளின் கை பைக்குள் போயிற்று. வந்தது மாத்திரை அட்டை இல்லை, பஸ் சீட் பதிகிற நோட்டு.

"எத்தனை வருஷமா போடுறே?"

"என்னக்கா, போலீஸ் மாதிரி கேக்குறீங்க!"

"சொல்லுடி."

"கல்யாணத்துலேர்ந்து, நாலு வருஷம். உங்க கையாலதானே குடுத்தீங்க."

மயிலம்மாள் நோட்டில் புதுப் பக்கம் ஒன்றைப் புரட்டினாள். பிறகு எழுதினாள்: விஜயராணி, நாலு வருஷம், கொடுத்தது மயிலம்மாள்.

"இனிமே என் பையில அது கிடையாது. வேணும்னா டாக்டரம்மாவைப் பார்த்துக் கேளு. விலக்காச்சுன்னா பரவால்ல, வா, பஸ்லயே உக்காரு. நானும் உன்கூட உக்காந்துக்குறேன்."

"அப்ப இவங்களை யாரு கூட்டிட்டுப் போறது?" என்றார் டிரைவர் ஜெயக்குமார்.

"பதினெட்டு வருஷமா வர்றாளுங்க, வழி தெரியும். நீ ரிவர்ஸ் எடுக்கறப்ப பூக்கடையை இடிக்காம இரு."

பின்சீட்டிலிருந்து ஒரு குரல்: "நோட்டோட சூலத்துல கட்டப்போறியா மயிலு?"

"அம்மனுக்குக் கட்டினது கட்டியாச்சு. இது டாக்டருக்கு."

சீட் சீட்டாக வந்தாள். ஏழாம் நம்பரில் நின்றாள். "பதினோரு வருஷம்," என்றேன். நிமிர்ந்து பார்க்காமல் எழுதினாள்.

அடுத்த செக்கப்பில் அந்த நோட்டை டாக்டரின் மேஜையில் விரித்து வைத்தாள். முப்பத்திரண்டு பெயர். டாக்டர் பிரதீப் அதைப் பார்த்தார். பேனா அவர் கையில் இருந்தது. அவர்

இந்த வாக்கியத்தை நான் முடிக்கமாட்டேன். முடித்துவைத்தால் நீங்கள் நிம்மதியாகத் தூங்கிவிடுவீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒருத்தி அந்த நாற்காலியில் போய் உட்காரும்போது, பக்கத்தில் நின்று முடித்துவையுங்கள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் மூச்சு தாராளமாக விட்டு வாழட்டும். யாருக்காவது இருமல் வந்தால், முதல் வாரமே ஏன் என்று கேட்க ஆள் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பெண்கள் வாய் திறந்து சொல்லட்டும். சொல்லும்போது, எதிரே இருக்கிற பேனாவில் மை இருக்கட்டும்.