அப்பாவின் அறைக்கு இன்னும் நிறம் முடிவாகவில்லை

1

இந்தக் கதை எப்படிப் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு சுவரைப் பார்த்துப் பிறந்தது. அதில் கைக்குட்டை அளவில் பதினோரு சதுரங்கள், பதினோரு நிறங்கள், எல்லாம் மாதிரிக்கு அடித்துப் பார்த்தவை. நாலு மாதமாக அப்படியே இருக்கின்றன. அந்தச் சுவர் யார் வீட்டில் இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். எழுத்தாளர்களிடம் அப்படிக் கேட்பது நாகரிகம் இல்லை.

முதல் தொடக்கம்: மழை விட்டிருந்த ஒரு மாலையில் அவன்... (வேண்டாம். அறைக்குள் நடக்கிற கதைக்கு மழை எதற்கு?)

இரண்டாவது: நிறங்கள் என்பவை மனித மனத்தின் ஆழத்தில்... (எனக்கே கொட்டாவி வருகிறது.)

மூன்றாவது: அவனுடைய அப்பா வந்து தங்க ஓர் அறை தயாராக வேண்டியிருந்தது.

இது போதும்.

2

அப்பா இப்போது அக்கா வீட்டுக் கூடத்தில், சோபாவில் படுத்துக்கொள்கிறார். "ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சதும் கூட்டிட்டு வந்துடறேன்" என்று அக்காவுக்கு அவன் வாக்குக் கொடுத்திருந்தான். எப்பேர்ப்பட்ட மகன் பாருங்கள். வெறும் சுவருக்கு நடுவில் அப்பாவைப் படுக்கவைக்க அவனுக்கு மனசு வரவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த வேலையை அரை மணி நேரத்தில் உதறிவிட்டு வந்தவன் அவன். கார் வாங்க ஒரு நாள்கூட ஆகவில்லை. ஆனால் இது அப்பா விஷயம் அல்லவா?

"மஞ்சள் அடிக்கலாமா?"

"அவருக்குக் கண்ணு கூசும்."

"பச்சை?"

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். வயசானவருக்கு அந்த ஞாபகம் எதுக்கு, பாவம்."

"நீலம்?"

"நீலம் குளிருங்க."

நீலம் குளிரும் என்று கண்டுபிடித்தவள் என் மனை... அவன் மனைவி. (கை தவறிவிட்டது. மேலே படியுங்கள்.)

3

பெயிண்டர் பாத்திரத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. கதைகளில் வரும் தொழிலாளிகள் சரியான இடத்தில் ஓர் உண்மையைப் போட்டு உடைத்துவிட்டுப் போவார்கள். எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். இவரை நீக்கிவிடலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் மனிதர் நிஜமாகவே கேட்டுத் தொலைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க சார். இந்த நாலு மாசத்துல வீடு முழுக்க ரெண்டு தடவை அடிச்சிருப்பேன். இந்த ரூமுக்கு ஆள் வரணுமா, வரக்கூடாதா?"

அவன் சிரித்தான். மனைவி ஜன்னலைத் துடைத்தாள். காலையில்தான் அதைத் துடைத்திருந்தாள்.

"லைட் போட்டா எப்படித் தெரியுதுன்னு பாத்துட்டுச் சொல்றோம்" என்றான் அவன்.

(அடிக்குறிப்பு போல ஒன்று: அப்பா கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுதச் சுலபம். இருமுவார். டிவியைச் சத்தமாக வைப்பார். கேட்டதையே மூன்று முறை கேட்பார். அவ்வளவுதான். அதற்கே பதினோரு சதுரம்.)

4

போன வாரம் அக்கா போனில் அழுதாள். "என்னால முடியலடா. ஏதாவது ஒரு கலரை அடிச்சுத் தொலையேன்."

அப்போதுதான் அவனுக்கு அந்த அருமையான யோசனை உதித்தது. அப்பாவையே கேட்டுவிடலாம்! ஒரு சட்டை எடுக்க மூன்று கடை ஏறி இறங்குகிற மனிதர். எப்படியும் இரண்டு மாதம் ஓடிவிடும்.

"அப்பா, உங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?"

"எனக்கா?"

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"வெள்ளையே அடிச்சிடேன்பா. அது சீக்கிரம் காஞ்சிடும்ல?"

5

முடிவு ஒன்று: வெள்ளை அடிக்கிறார்கள், அப்பா வருகிறார். (எழுதிப் பார்த்தேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது.)

முடிவு இரண்டு: "வெள்ளை சீக்கிரம் அழுக்காயிடும்பா" என்கிறான் மகன். (இது சரளமாக வந்தது. ஓர் அடித்தல் திருத்தல்கூட இல்லை.)

முடிவு மூன்று: அப்பா தானாகவே...

இல்லை, இதை எழுத மாட்டேன்.

சரி, அவன் நான்தான். நீங்கள் எப்போதோ கண்டுபிடித்திருப்பீர்கள். அன்றைக்கு "சொல்றேன்பா" என்று போனை வைத்தேன். மறுநாள் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். எழுதிக்கொண்டிருக்கிற மனிதனை யாரும் பெயிண்ட் விஷயமாகத் தொந்தரவு செய்வதில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருந்தும் பெயிண்டரைக் கூப்பிடவில்லை.

அதனால் முடிவை உங்களிடமே விடுகிறேன். அவசரம் ஒன்றும் இல்லை, நன்றாக யோசித்துச் செய்யுங்கள். வேண்டுமானால் நீங்களும் நாலு மாதம் எடுத்துக்கொள்ளலாம். அப்பா தவறாக நினைக்கமாட்டார். நேற்றுகூட அக்காவின் பக்கத்து வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாராம்:

"என் பையன் எனக்காகப் பாத்துப் பாத்து ரூம் ரெடி பண்ணிட்டிருக்கான்."