எழுபத்தி நாலோ, இருபத்தொண்டோ

டெனிஸ்ரன் யாழ்ப்பாண பஸ்ஸால் இறங்கித் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் குசினி வாசலில் வந்து நின்றான். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைக் கண்டதுமே துருவுவதை நிறுத்தினேன்.

“வேலை போச்சுது” என்றான். “வள்ளம் ஓடத் தெரியுமாம், எஞ்சின் தெரியுமாம். கண்தான் சரியில்லையாம்.”

“உம்மட கண்ணுக்கு என்ன? அங்கால் கரையில கொக்கு நிண்டாலும் இஞ்சயிருந்து சொல்லுவீரே.”

“அந்த டொக்டர் ஒரு புத்தகத்தை விரிச்சவர். பொட்டுப் பொட்டாய் ஒரு வட்டம். அதுக்குள்ள என்ன இலக்கமெண்டு கேட்டார். இருபத்தொண்டு எண்டு சொன்னனான். இல்லை, எழுபத்தி நாலாம். எனக்கு இலக்கம் வாசிக்கத் தெரியாதோ, ஜெனீற்றா?”

அவன் என் அப்பாவின் தங்கை அல்போன்சம்மா மாமியின் மகன். நேரில் ‘நீர்’ என்பேன், பிறத்தியாரிடம் ‘அவர்’ என்பேன், இங்கே மட்டும்தான் ‘அவன்’. வாசித்தால் சிரிப்பான், சிரிக்கட்டும். எங்களுக்குத் தை மாதம் கலியாணம். மச்சானும் மச்சாளும் கட்டுவதென்றால் ஆயரிடம் தனி அனுமதி எடுக்க வேண்டும், அதுவும் வந்துவிட்டது. அந்த வருடம் வைகாசியோடு சண்டை ஓய்ந்து, நயினாதீவுக்கு வருகிற சனம் கூடியிருந்தது. அங்கே ஓடுகிற படகொன்றில் ஓட்டி வேலை என்று பேச்சு வந்தபோது ஊர்காவற்றுறை முழுக்க அவனுக்குக் கை குடுத்தது. இரவில் படகுகளின் ஒரு பக்கத்தில் சிவப்பு வெளிச்சமும் மற்றப் பக்கத்தில் பச்சையும் எரியும். ஓட்டிக்கு அது இரண்டும் பிரித்துத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கண் சோதனை.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். வருடா வருடம் கரும்பலகையில் எக்ஸ், வை என்று படம் கீறி, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாத நிறக்குருடு எப்படிக் குடும்பத்துக்குள் இறங்கி வருகிறது என்று பிள்ளைகளுக்குத் தொண்டை வறளச் சொல்லியிருக்கிறேன். பக்கத்தில் நின்ற மனிதனை மட்டும் கவனிக்கவில்லை. பழுத்த மிளகாய் ஆய்ந்து தாரும் என்றால் காயையும் சேர்த்து ஆய்ந்து கொண்டு வருவான். பஞ்சி பிடித்த சோம்பேறி என்று ஏசுவேன். பெரிய உயிரியல் ரீச்சர்!

“இது வருத்தமில்லை” என்றேன். “பிறக்கேக்கையே வாறது. தாயாலதான் மகனுக்கு வரும்.”

அந்த நேரம் பார்த்து அம்மா விறகோடு உள்ளே வந்தா. அம்மாவின் பெயர் ஜசிந்தா. தன் மச்சாள் அல்போன்சம்மாவில் ஒரு குறை கண்டால் அன்று அவவுக்கு இரண்டு பிடி சோறு கூட இறங்கும். விறகு தொப்பென்று நிலத்தில் விழுந்தது.

“தாயால வந்ததோ? அப்ப அது மச்சாளின்ர பக்கத்துப் பழுதெல்லோ! தம்பி, குறை நினையாதையும். நான் ஒளிக்காமல் வெளியாலதான் கதைப்பன். கண் பழுதான ஆளுக்கு என்ர பிள்ளையைக் குடுக்கேலாது. நாளைக்குப் பேரப்பிள்ளையள் தடவிக்கொண்டு திரியிறதோ?”

“அம்மா, விசர்க் கதை கதையாதையுங்கோ. ஆரும் தடவேல்லை.”

“நீ வாயை மூடு. வேலையும் இல்லை, கண்ணும் இல்லை. கலியாணமும் இல்லை.”

டெனிஸ்ரன் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவன் படலையைச் சாத்துகிற சத்தம் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மிச்சத் தேங்காயைத் துருவாமல் அப்படியே விட்டுவிட்டு எழும்பினேன். அன்று இரவு எங்கள் வீட்டில் சம்பல் இல்லை.

அப்பா மட்டும் எதையும் காதில் போடவில்லை. யாகப்பு என்றால் அப்படித்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் மருமகனையும் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போய், ஒரு பறி நிறைய நண்டோடு இரண்டு பேருமாக வந்து நின்றார்கள். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டே நண்டை அவித்தா. டெனிஸ்ரன் அடுப்படியில் குந்தி, அகப்பையால் ஒரு நண்டைத் தூக்கி, விரலால் முதுகில் தட்டிச் சத்தம் கேட்டான். “இன்னும் கொஞ்சம் அவியட்டும்” என்றான். அப்பாவும் எட்டித் தட்டிப் பார்த்து, “ஓம், இன்னும் கொஞ்சம்” என்றார். நண்டு செக்கச் சிவந்து கிடக்கிறது! ஊரில் எல்லோரும் நிறத்தைப் பார்த்து இறக்குகிற நண்டை இந்த இரண்டு பேரும் ஏன் தட்டுகிறார்கள்? அப்பா நண்டில் பெரிய கெட்டிக்காரர், கைப்பழக்கம் என்றுதான் பிறந்த நாளிலிருந்து நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் நெற் கபேயில் அந்தப் பொட்டுப் படத்தைக் கலரில் எடுப்பித்து வைத்திருந்தேன். அலுமாரியைத் திறந்து அதை எடுத்துக்கொண்டு வந்து, அப்பாவுக்கு முன்னால் பிடித்தேன்.

“அப்பா, இதுக்குள்ள என்ன இலக்கம் கிடக்கு?”

அப்பா கண்ணாடியைப் போட்டு, தாளைத் தூரப் பிடித்து, கிட்டப் பிடித்து, “இருபத்தொண்டு” என்றார்.

டெனிஸ்ரன் குந்தியிருந்த இடத்திலிருந்து துள்ளி எழும்பினான். “மாமா! இன்னொருக்காச் சொல்லுங்கோ!”

“இருபத்தொண்டு. அதுக்கென்ன?”

“நானும் அதைத்தானே மாமா சொன்னனான்! அந்த டொக்டர்தான் எழுபத்தி நாலெண்டு நிண்டவர்!”

“எழுபத்தி நாலோ? அந்தாளுக்கு ஆரு டொக்டர் வேலை குடுத்தது?”

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அம்மா அகப்பையோடு வந்து எட்டிப் பார்த்தா. “எழுபத்தி நாலு. பளிச்செண்டு கிடக்கு. இஞ்ச என்ன, ரெண்டு பேருமாச் சேர்ந்து எனக்குப் பகிடி விடுறியளோ?” என்று அப்பாவின் தோளில் அகப்பையாலேயே ஒன்று வைத்தா. “இருபத்தொண்டு!” “எழுபத்தி நாலு!” “இருபத்தொண்டு!” பக்கத்து வளவு யோகம்மா அக்கா, எங்கள் வீட்டில் ஏதோ ஏலம் போகிறதென்று வேலிக்கு மேலால் தலையை நீட்டினா.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தேன். பிறகு அம்மாவைக் கதிரையில் இருத்தினேன்.

“அம்மா, உங்கட கூழ் இருக்கெல்லோ. அதின்ர பக்குவம் உங்கட தலைக்குள்ள கிடக்கு. அதுதான் டி.என்.ஏ எண்டு வையுங்கோ. யோகம்மா அக்கா வேலிக்கு அங்காலயிருந்து கேக்கேக்க நீங்கள் வாயால சொல்லுறியள், அவ அதைக் கேட்டுக்கொண்டு போறா. அந்தச் சொல்லிப்போற பிரதிதான் ஆர்.என்.ஏ. அவ காய்ச்சிற கூழ்தான் எங்கட உடம்பு. இப்ப உங்கட தலைக்குள்ள புளி விடுற வரி அழிஞ்சு போச்சுதெண்டால்?”

“என்ர தலையில ஏன் அழியுது? அவ மறந்திருப்பா.”

“சும்மா சொல்லுறன் அம்மா. அழிஞ்சால், ஆரு கேட்டுக் காய்ச்சினாலும் புளியில்லாத கூழ்தான். அப்பிடி அழியிறதைத்தான் மரபணு மாற்றம் எண்டுறது. அப்பாவுக்கும் இவருக்கும் சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிற வரி பிழைச்சுப் போச்சு. மஞ்சளும் நீலமும் வடிவாத் தெரியும். பொம்பிளையளுக்கு அந்தப் பக்குவம் ரெண்டு பிரதி, ஒண்டு பிழைச்சாலும் மற்றது காப்பாத்தும். ஆம்பிளையளுக்கு ஒண்டுதான், அதுவும் தாய் குடுக்கிறது. அப்பாவைப் பெத்த அப்பாச்சி அவருக்குப் பிழைச்சதைக் குடுத்திட்டா. மாமிக்கும் அதைத்தான் குடுத்தவ, மாமி இவருக்குக் குடுத்திட்டா.”

அம்மா யோசித்தா. “அப்ப உனக்கு?”

சொல்லாமல் விட முடியுமா? “அப்பாட்ட இருக்கிறதே அந்த ஒண்டுதான். அதைத்தான் எனக்குத் தந்தவர். எனக்கு நீங்கள் தந்தது நல்லது, அதால எனக்குத் தெரியுது. ஆனா நான் ஆரைக் கட்டினாலும் என்ர பொடியங்களில பாதிப்பேருக்கு வரலாம். இவரைக் கட்டினால் பெட்டையளில பாதிப்பேருக்கும் வரலாம். அதையும் சொல்லிப்போட்டன். மறைச்சுக் கலியாணம் எனக்கு வேண்டாம்.”

டெனிஸ்ரன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். இந்த மனிதனை விட்டுவிட்டு நான் என்ன செய்யப் போகிறேன் என்று எனக்குப் பயமாக இருந்தது.

“இதுக்கு மருந்தில்லையோ?” என்று கடைசியில் அம்மா கேட்டா.

“இப்ப போன மாதம்தான் பேப்பரில போட்டவங்கள். அமெரிக்காவில ரெண்டு குரங்கு, பிறந்ததிலயிருந்து சிவப்பும் பச்சையும் பிரிக்கத் தெரியாததுகள். தீங்கில்லாமல் செய்த ஒரு கிருமிக்குள்ள, குறைஞ்ச அந்த வரியை வைச்சுக் கண்ணுக்குள்ள விட்டவங்கள். கிருமிக்கு உள்ள போற வழி தெரியும்தானே. கொஞ்ச மாதத்தில அதுகளுக்கு நிறம் தெரியத் தொடங்கீட்டுதாம். மனிசருக்கு இன்னும் வரேல்லை. எப்ப வருமெண்டும் தெரியாது.”

“குரங்குக்குக் குடுத்திட்டாங்கள், எனக்கில்லை” என்று டெனிஸ்ரன் முணுமுணுத்தான்.

அப்பா நண்டுக் காலைக் கடித்து உடைத்தார். “எனக்கு வேண்டாம். கடல் தெரியுது, வலை தெரியுது, கரை தெரியுது. இனி ஊசி குத்தி என்னத்தைப் பாக்க?”

அம்மா அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தா. அவவின் குரல் திடீரென்று மெலிந்துபோனது. “இஞ்சேருங்கோ. கலியாணத்தண்டு நான் கூறை உடுத்துக்கொண்டு வந்தன். உங்களுக்கு அது என்ன நிறமாத் தெரிஞ்சது?”

அப்பா மென்றதை விழுங்கினார். பொய் சொல்லலாமா என்று யோசித்தது அவருடைய முகத்தில் தெரிந்தது. “மண்ணிறம்.”

“மண்ணிறமோ!”

“ஓம். மனிசர் கலியாணத்துக்கு ஏன் மண்ணிறம் உடுக்குதுகள் எண்டு எனக்குள்ள யோசிச்சனான். சொன்னால் கோவிப்பீர் எண்டு பேசாமல் விட்டனான்.”

“மாதாவே! நல்லநாள் பெருநாளுக்கு உடுத்து வந்து முன்னால நிண்டால், ஒரு சொல்லுச் சொல்லமாட்டுது இந்த மனிசன், என்னில விருப்பமில்லையாக்கும் எண்டு நான் எத்தினை தரம் அழுதிருப்பன்!” அம்மா முந்தானையால் வாயைப் பொத்தினா. அழுகிறா என்று ஓடிப் போய்ப் பார்த்தால், சிரிக்கிறா. தோள் குலுங்கக் குலுங்கச் சிரிக்கிறா. அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, தன் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்த பெரிய நண்டை எடுத்து அம்மாவின் கோப்பையில் வைத்தார்.

கலியாணம் உண்டா இல்லையா என்று அன்று அம்மா வாய் திறக்கவில்லை. அடுத்த நாள் காலை ஒரு சட்டி நண்டுக் குழம்போடு அல்போன்சம்மா மாமி வீட்டுக்குப் போனா. அம்மா கறியோடு மாமி வீட்டுப் படி ஏறியதை ஊர் கண்டதேயில்லை. அங்கே என்ன கதைத்தார்களோ தெரியாது, வெறும் சட்டியோடு திரும்பி வந்து, “சனிக்கிழமை கூறை எடுக்கப் போறம். உன்ர அப்பாவையும் வெளிக்கிடச் சொல்லு” என்றா. நான் அம்மாவைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். “தள்ளு, வேர்த்துக் கிடக்கு” என்று ஏசினா. டெனிஸ்ரனுக்கும் அந்தக் கிழமை நல்ல கிழமை. ஓட்டி வேலை தராத அதே படகுக்காரர் எஞ்சின் பார்க்கிற வேலை தருகிறேன் என்று ஆள் அனுப்பியிருந்தார். எஞ்சினுக்கு நிறம் தேவையில்லையே.

கூறை எடுப்பது மாப்பிள்ளை வீட்டார் வேலை. ஆம்பிளைகள் கடை வாசலில் சோடா குடித்துக்கொண்டு நிற்பார்கள், அதுதான் வழக்கம். அன்று யாழ்ப்பாணத்துக் கடையில் அம்மா இரண்டு பேரையும் உள்ளே இழுத்துக்கொண்டு போய்ப் பாயில் இருத்தினா. கடைக்காரத் தம்பி வழக்கப்படி சிவப்புக் கூறைகளை விரித்தார்.

“இது என்ன நிறம்?” என்று அம்மா கேட்டா.

“பச்சை?” என்றான் டெனிஸ்ரன். “மண்ணிறம்” என்றார் அப்பா. கடைக்காரத் தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மடியும் தம்பி. அடுத்தது.”

தக்காளிச் சிவப்பு, மாதுளைச் சிவப்பு, குங்குமம், அரக்கு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் வியர்த்துக்கொண்டு ஏதோ சொன்னார்கள். ஒன்றும் சரிவரவில்லை. மாமி சிரிப்பை அடக்க முடியாமல் என் தோளில் சாய்ந்துவிட்டா. “அக்கா, கூறையெண்டால் சிவப்புத்தானே உடுக்கிறது” என்று கடைக்காரத் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஊரார் பாக்கிறதுக்கு உடுக்கிறதெண்டால் சிவப்பு. இது இவை ரெண்டு பேருக்கும்” என்றா அம்மா. “அந்த மேல் தட்டில கிடக்கிறதை எடும்.”

தம்பி ஏணியில் ஏறி எடுத்து, உதறி விரித்தார். நல்ல மஞ்சள். கரை கடல் நீலம், இடைக்கிடை சரிகைப் புள்ளி. அம்மா கேட்க முன்னமே, “மஞ்சள்!” என்று அப்பாவும் டெனிஸ்ரனும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். “நீலக் கரை!” அடுத்த கடையில் நின்றவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டெனிஸ்ரன் என்னைப் பார்த்தான். நான் வெட்கம் கெட்டுச் சிரித்தேன்.

அம்மா அதை எனக்கு வைத்துப் பார்ப்பா என்று நான் கிட்டப் போனேன். அவ என்னைக் கவனிக்கவில்லை. தலைப்பை எடுத்து, உதறி, தன் தோளில் போட்டா. கண்ணாடிக்கு முன்னால் போகவில்லை. அப்பா இருந்த பக்கம் திரும்பி நின்றா.

“இப்ப?”

அப்பா எழும்பினார். கண்ணாடியைக் கழற்றிச் சேட்டில் துடைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு அடி பின்னுக்கு நகர்ந்து, பார்த்துக்கொண்டே நின்றார்.