டிரம்மில் சொருகிய கைக்குட்டை

நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ் பற்றி முப்பது வருடமாகப் பத்திரிகையில் எழுதிவந்த ஓடில், ஒரு பழைய இசைத்தட்டில் டிரம் மந்தமாக ஒலிப்பதாக எழுதிவிட்டாள். காலையிலேயே டிரம் வாசித்தவரின் மகள் கிளோதில்ட் ஃபோனில் பிடித்துக்கொண்டாள்.

“ஏன்டி, காது அடைச்சுப்போச்சா? சவ ஊர்வலத்துல டிரம் அதிராம இருக்கக் கைக்குட்டை சொருகுவாங்களே, மறந்துட்டியா? அப்பா தன் தம்பியப் புதைச்ச கையோட வந்து ரெக்கார்டிங்குல வாசிச்சது அது. கைக்குட்டைய எடுக்க அவருக்கு மனசு வரல.”

ஓடிலுக்கு முகம் சுட்டது. எத்தனை ஊர்வலங்களில் நடந்தவள் அவள்! தட்டை மறுபடி சுழலவிட்டாள். ஒவ்வொரு அடியிலும் ஒரு மனிதர் அழுகையை அடக்கிக்கொண்டு தாளம் பிசகாமல் வாசித்துக்கொண்டிருந்தார்.

“தப்புதான்க்கா. திருத்தி எழுதறேன்.”

“மூலையில ரெண்டு வரி போட்டு ஏமாத்திடாத.”

ஓடில் முழுப் பத்தியே எழுதினாள். தன் தவறை முதல் வரியில் வைத்தாள்.