விபா மேடத்தின் பதில்

பேல்வா கிராமத்து அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துவது வெறும் குரல்தான், ஆள் கிடையாது. மதுபனி மாவட்டத்தில் இதைக் கேட்டு இப்போது யாரும் வியப்பதில்லை.

குரலுக்குச் சொந்தக்காரி விபா குமாரி. மதிய உணவைப் பிள்ளைகளுக்குப் போடும் முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது சட்டம். அன்று அவள் கொதிக்கும் கிச்சடியை வாயில் போட்ட நேரம் பார்த்து, உள்ளூர் சேனல் நிருபர் லல்லன் மைக்கோடு நுழைந்தான். "மேடம், சந்திர கிரகணம் எப்படி வருது? சொல்லுங்க பாப்போம்!" அவள் பொறு என்று கை காட்டினாள், மென்றாள், விழுங்கினாள். பிறகு அடுப்பைச் சூரியனாக வைத்து, தட்டைப் பூமியாகப் பிடித்து, கரண்டியை அதன் நிழலுக்குள் நுழைத்து அழகாக விளக்கினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள். டிவியில் வந்ததோ, விழுங்கும் வரைக்குமான மௌனம் மட்டும். கீழே 'கிரகணம் தெரியாத டீச்சர்' என்று சிவப்பு எழுத்து ஓடியது.

வெட்டிப் போட்ட பதில் போக இடமில்லாமல், பக்கத்திலிருந்த ஏழாம் வகுப்பில் புகுந்து குரலாகத் தங்கிவிட்டது. விபாவுக்கு மிஞ்சியது அந்த மௌனம்தான். கத்தரிக்காய்க்குப் பேரம் பேச வாய் வந்தது. பாடம் நடத்த வாய் திறந்தால் கிச்சடி ஆவி மட்டும் வந்தது. "என்ன மேடம்ஜி, வாயில கொழுக்கட்டையா?" என்று டிவி பார்த்திருந்த காய்க்காரன்கூடக் கேட்டான். பாடம் நடத்துவதைத் தவிர அவளுக்கு வேறு ஆசையே இருந்ததில்லை. ராஜினாமா கொடுத்தாள். 'கேள்விக்குப் பயந்து ஓட்டம்' என்று அதையும் லல்லன் செய்தியாக்கினான், படுபாவி. அவள் அழுததை எந்த சேனலும் காட்டவில்லை.

லூதியானாவில் காலுறைக் கம்பெனியில் அவளுக்கு வருடங்கள் போயின. இங்கே பதில் சும்மா இருக்கவில்லை. கிரகணத்தை முடித்துவிட்டு ஒளிக்குப் போனது, காந்தத்துக்குப் போனது. லல்லன் மறுபடி கேமராவோடு வந்தான். மைக்கில் குரல் ஏறவே இல்லை. பிறகு தன் மகளை அந்த வகுப்பில் கொண்டுவந்து சேர்த்தான்.

சூரியனைக் கும்பிடும் சட் பூஜைக்கு ஊர் வந்த விபா, விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். அவளை யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. மேசைமேல் வழக்கம்போல் ஒரு கரண்டி கிச்சடி வைத்திருந்தார்கள். சத்தமே இல்லை.

"இன்னும் ஆரம்பிக்கலையா கண்ணு?" என்று பக்கத்துப் பெண்ணிடம் கேட்டாள். அவள் லல்லனின் மகள்.

"கொஞ்சம் பொறுங்க சாச்சி. மேடம் இன்னும் முழுங்கல."

விபா பிள்ளைகளோடு காத்திருந்தாள். சற்று நேரத்தில் பாடம் தொடங்கியது.